சந்தனம் வைத்த கிடார்

மாமாவின் கிடாரைப் பிழைக்கவைத்ததில் பாதிக்கு மேல் என் பங்கு என்று நான் சொன்னால் மாமா இன்றும் மறுப்பதில்லை. மிச்சத்தைத் தான் செய்ததாகச் சொல்லிக்கொள்வார். அப்போது நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். செங்கல்பட்டில் வீட்டுக்கு வீடு கேபிள் டிவி வந்துகொண்டிருந்த காலம். உலகத்தில் எனக்குத் தெரியாத விஷயங்கள் ஒன்றிரண்டுதான் பாக்கி என்று நான் திடமாக நம்பியிருந்த வயது.

மாமா அம்மாவின் தம்பி. தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட்டதால் அம்மா கல்யாணமாகி வந்தபோது அவரையும் கையோடு அழைத்துவந்துவிட்டாள். சீர்வரிசைப் பாத்திரத்தோடு மச்சானும் வந்து இறங்கினான் என்று அப்பா கிண்டல் செய்வார். பகலில் மாமா ஒரு டிவி ரிப்பேர் கடையில் வேலை பார்த்தார். முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபங்களில் மெல்லிசைக் குழுவோடு சேர்ந்து கிடார் வாசித்தார். அந்தக் கிடாரும் குழுக்காரருடையது. கச்சேரி முடிந்ததும் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அம்மா பள்ளிக்கூட டீச்சர். காலையில் போனதும் கையெழுத்துப் போட வேண்டும், ஒன்றாம் தேதி சம்பளம் வாங்க வேண்டும், அதற்குப் பெயர்தான் வேலை என்பது அவள் கட்சி. அந்தக் கணக்கில் மாமா செய்த இரண்டுமே வேலை இல்லை. அப்பா தெரிந்தவர்களைப் பிடித்து ஓசூரில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் மாமாவுக்கு இடம் பார்த்து வைத்திருந்தார். தீபாவளி முடிந்ததும் மாமா பெட்டியைக் கட்ட வேண்டும் என்று பேச்சு முடிந்திருந்தது. மாமாவும் தலையாட்டியிருந்தார்.

அதற்கிடையில்தான், கோடை விடுமுறையில் ஒருநாள், மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜுக்கு ஆன்டெனா மாற்றப் போன மாமா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மொட்டைமாடியில் வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்தில், ஒரு மீன்வலைக்கும் ஒரு பெரிய ஆமை ஓட்டுக்கும் நடுவே, சுவரில் ஓர் எலெக்ட்ரிக் கிடார் தொங்கிக்கொண்டிருந்தது. எப்போதோ தங்கிய ஒருவன் விட்டுவிட்டுப் போனதாம். சிவப்பு வண்ணம் வெளுத்திருந்தது. வாசிப்பவனின் கை உரசும் இடத்தில் வண்ணம் மொத்தமாகத் தேய்ந்து மரம் தெரிந்தது. உப்புக்காற்றில் இரும்பெல்லாம் துருவேறி, பித்தளையெல்லாம் பச்சைபிடித்து, கம்பிகளில் நாலு அறுந்து தொங்கின. மாமா ஆன்டெனாவை மறந்து அதன் முன்னால் நின்றுவிட்டார். கோயிலுக்குள்கூட அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

லாட்ஜ்காரருக்கு அலங்காரத்துக்குப் பதில் பாட்டுப்பெட்டி ஒன்று தேவைப்பட்டது. மாமாவிடம் ஒரு டேப்ரெக்கார்டர் இருந்தது. அவர் சம்பாத்தியத்தில் வாங்கியதுதான், ஆனால் தினமும் விடியற்காலையில் அதில் பக்திப் பாட்டுக் கேட்டது அம்மா. அடுத்த வாரமே பெட்டி மாமல்லபுரத்துக்குப் போனது, கிடார் ஒரு பழைய போர்வையைச் சுற்றிக்கொண்டு எங்களோடு திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் ஏறியது. உள்ளே என்ன என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் நானே பதில் சொன்னேன். எலெக்ட்ரிக் கிடார், சீக்கிரம் டிவியில் வரும் என்றேன்.

அம்மா அதைப் பார்த்த பார்வையில் பஸ்ஸில் எனக்கு ஏறியிருந்த மிடுக்கெல்லாம் இறங்கிவிட்டது. "ஓடினு இருந்த பெட்டிய குடுத்துட்டு இந்தக் கட்டைய எடுத்தாந்துகிறியேடா" என்றாள். அதற்கப்புறம் அவள் வாயில் கிடார் என்ற சொல்லே வரவில்லை. கட்டைதான். கட்டையைத் தள்ளி வை, கட்டைக்கு மேல் துணியைப் போடாதே என்று அந்த அறையைப் பெருக்கும்போதெல்லாம் ஒரு பாட்டு விழும்.

ஞாயிற்றுக்கிழமைகள் முழுக்க நானும் மாமாவும் கட்டையோடு கிடந்தோம். திருகாத ஆணிகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டோம். பச்சைபிடித்த பாகங்களைக் கழற்றிப் புளி போட்டுத் தேய்க்கலாம் என்பது என் யோசனை. வீட்டில் குத்துவிளக்கு தேய்ப்பது என் வேலை என்பதால் எனக்கு அதில் அனுபவம் இருந்தது. மாமா முதலில் தயங்கினார், பளபளப்பைப் பார்த்ததும் அதைத் தன் யோசனை என்று குழுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டார். கழுத்தின் உச்சியில் கம்பிகள் உட்காரும் பள்ளம் வெட்டிய சின்னத் துண்டு உடைந்திருந்தது. மாமல்லபுரத்தில் சிற்பம் செதுக்கும் அவர் சிநேகிதர், பிள்ளையாரைப் பாதியில் நிறுத்திவிட்டு, ஒரு சங்குத் துண்டில் புதிதாகச் செதுக்கிக் கொடுத்தார்.

கஷ்டப்படுத்தியது பிக்கப் என்கிற பாகம். காந்தத்தைச் சுற்றி முடியைவிட மெல்லிய செப்புக் கம்பி சுற்றியிருக்கும். மேலே இருக்கும் கம்பிகளின் அதிர்வை வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதுதான். உள்ளே அது அறுந்திருந்தது. ஃபேனுக்கும் மோட்டாருக்கும் கம்பிச்சுருள் சுற்றும் கடையில் மிஷினைக் கடன் கேட்டு, மாமா கைப்பிடியைச் சுற்ற, கம்பி தொய்யாமலும் இறுகாமலும் துணியில் பிடித்து நான் விட்டுக்கொடுத்தேன். முதல் தடவை முடியும் நேரத்தில் எனக்குத் தும்மல் வந்துவிட்டது. அறுந்த கம்பியைப் பார்த்த மாமா எனக்கு ஒரு டீயும் பன்னும் வாங்கிக்கொடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். இரண்டாவது தடவை நான் மூச்சையே அளந்துதான் விட்டேன்.

எல்லாம் முடிந்தபோது, தேய்ந்த இடத்துக்கும் சேர்த்துப் புது வண்ணம் அடித்துவிடலாம் என்றேன். அதில் மட்டும் மாமா என் பேச்சைக் கேட்கவில்லை. யாரோ ஒருத்தன் வருஷக்கணக்காக வாசித்துத் தேய்த்த இடம், அதை மறைக்க நமக்கு உரிமை இல்லை என்று சொல்லிவிட்டார். குரோம்பேட்டையோ எங்கேயோ போய்ப் புதுக் கம்பிகள் வாங்கிவந்து பூட்டினார். வால்யூம் திருகும் இடத்தில் ரேடியோ குமிழ் உட்கார்ந்தது. கடையிலிருந்து கொண்டுவந்த பழைய ஆம்ப்ளிஃபயரில் மாட்டி முதல் தடவை மீட்டியபோது வீட்டு ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. நான் குதித்தேன். "இன்னாடா இது, வூடா இன்னா" என்று மட்டும் கேட்டுவிட்டு அம்மா பரீட்சைத் தாள் திருத்தப் போய்விட்டாள்.

கோவளம் விஷயத்தை மாமா என்னிடம் மட்டும்தான் சொன்னார். கடற்கரை ஓரமாக இருந்த ஒரு பெரிய ஓட்டலில் தினமும் சாயங்காலம் வாசிக்க ஆள் எடுக்கிறார்கள். மாதச் சம்பளம். சொந்த வாத்தியத்தோடு வந்து வாசித்துக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் ஓசூர் போக வேண்டாம், ஒன்றாம் தேதி அம்மா கையில் சம்பளத்தைக் கொண்டுவந்து வைக்கலாம். கிடைத்த பிறகு சொன்னால் போதும், அதுவரை மூச்சு விடாதே என்றார். வாசித்துக் காட்ட வரச்சொன்ன நாள் சரஸ்வதி பூஜை அன்று விழுந்தது. ஓட்டலுக்குப் பண்டிகையெல்லாம் ஒரு கணக்கா?

எங்கள் வீட்டில் அது பெரிய கணக்கு. பூஜையில் வைத்த பொருளை மறுநாள் காலை விஜயதசமி பூஜை முடிகிறவரை யாரும் தொடக்கூடாது. ஒரு வருஷம் புத்தக அடுக்கோடு அப்பாவின் மூக்குக்கண்ணாடியும் தெரியாமல் போய்ச் சந்தனப் பொட்டு வாங்கிக்கொண்டது. வைத்தது வைத்ததுதான் என்று அம்மா சொல்லிவிட்டாள். அப்பா ரயில்வேயில் டிக்கெட் கொடுப்பவர். அன்றைக்கு ஒவ்வொரு டிக்கெட்டையும் மூக்கில் ஒட்டவைத்துப் பார்த்துக் கொடுத்துவிட்டு வந்தார். எனக்கு அந்தச் சட்டம் மிகவும் பிடிக்கும். கணக்குப் புத்தகத்தை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்துவிடுவேன்.

அந்த வருஷமும் அப்படித்தான் அடுக்கினோம். என் புத்தகங்கள், அம்மாவின் பேனாக்கள், தையல் மிஷின், அப்பாவின் ஸ்கூட்டர் சாவி. மாமா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். அம்மா எழுந்து அவர் அறைக்குள் போனாள். கிடாரை இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு வந்தாள். தன்னுடைய மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையை மடித்துப் போட்டு அதன்மேல் படுக்கவைத்தாள். தேய்ந்து மரம் தெரிந்த இடத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, அங்கேயே சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டாள்.

மத்தியானம் மாமா அதோடு கோவளத்துக்குக் கிளம்ப வேண்டும். சொல்லிவிடலாம் என்று வாய் திறக்கிறேன், மாமா தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே வருகிறார். பார்த்தார். துண்டு தலையிலேயே நின்றுவிட்டது. ஒரு சண்டை வரப்போகிறது என்று நான் சுவரோரம் ஒதுங்கினேன். மாமா என்னைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தார், சொல்லாதே என்று. பிறகு தரையில் விழுந்து கும்பிட்டார். எழுந்திருக்க அவருக்கு வழக்கத்தைவிட நேரமாயிற்று.

மத்தியானம் வெறுங்கையோடு கோவளத்துக்கு பஸ் ஏறினார். யாரிடமாவது கடன் வாங்கி வாசித்துவிடுவார் என்று நான் தைரியமாகத்தான் இருந்தேன். இருட்டுவதற்குள் திரும்பிவிட்டார். வாத்தியம் இல்லாமல் வந்தவனை வாசித்துக் காட்டச் சொல்ல முடியாது என்று அங்கிருந்த மேனேஜர் சொல்லிவிட்டாராம். அதை என்னிடம் சொல்லிவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு கிண்ணம் சுண்டலை ரசித்துச் சாப்பிட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இவ்வளவு பெரிய மனிதருக்கு அக்காவிடம் பேச இத்தனை பயமா என்று நினைத்தேன்.

மறுநாள் காலை பூஜை முடிந்தது. நான் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசித்தேன். அப்பா சாவியை எடுத்துப் போய் ஸ்கூட்டரை ஒரு உதை உதைத்துக் கிளப்பி நிறுத்திவிட்டு வந்தார். அம்மா கிடாரைத் தன் கையால் எடுத்து மாமாவிடம் நீட்டினாள். ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் எலெக்ட்ரிக் கிடாரின் சத்தம் மிகவும் சன்னம், பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கேட்கும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். மாமா வாசித்து முடிக்கிறவரை அசையவில்லை.

"அந்த மூணாவது கம்பி சுருதி எறங்கினே கீதுடா" என்றாள். "எப்பவும் அதுதான் எறங்குது. பாத்து வெச்சிக்கோ."

மாமாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. வேலை போன துக்கம் இப்போதுதான் உறைத்திருக்கிறது என்று புரிந்துகொண்டு, ஆறுதல் சொல்ல வேண்டிய பொறுப்பை நானே ஏற்றேன்.

"அழாத மாமா. கோவளம் இல்லன்னா வேற ஓட்டல் கூப்புடும்."

எந்த ஓட்டல் என்று அம்மா கேட்டாள். இனி மறைத்து என்ன பயன் என்று, மேனேஜர் சொன்னதுவரை ஒன்றுவிடாமல் நான் சொல்லிமுடித்தேன். அம்மா மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா எடுத்துக் குடுத்திருப்பேனேடா."

"நீ உன் கையால வெச்சது அக்கா" என்றார் மாமா. "அத நான் எப்படி எடுக்கறது?"

அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். உள்ளே குழாய் வெகுநேரம் ஓடியது. திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன, முகம் கடுகடுவென்று இருந்தது. மாமா பக்கம் திரும்பாமலே அப்பாவிடம் சொன்னாள்:

"ஓசூர்காரங்ககிட்ட இவன் வரமாட்டான்னு சொல்லிடுங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறைத்ததற்கு இவ்வளவு பெரிய தண்டனையா? கோவளமும் போய், கையில் இருந்த ஓசூரையும் பிடுங்கிவிட்டாளே என்று நான் மாமாவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்து மூன்றாவது கம்பியை முறுக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்க முடியாமல் அவர் உதடு துடித்தது. பாவம், அதிர்ச்சியில் மாமாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவுகட்டி, அன்று முழுக்க நான் அம்மாவோடு பேசவில்லை.