மறக்கடிக்க முடியாத ஆங்கிலம்

பத்து பெரெண்டாம் என்ற ஊரின் விமானத் திடல் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். யாரும் துரத்தி வரவில்லை. சாலையோர மர நிழலை விடாமல் மலாக்காவை நோக்கி நடந்தேன். ஜப்பான்காரன் திடலை அகலப்படுத்திக்கொண்டிருந்தான். நான் அங்கே கல் சுமந்தேன். சோற்றுக்குப் பதில் மரவள்ளிக் கிழங்கு என்றார்கள், சரி என்றேன். பிறகு கிழங்கும் குறைந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று கங்காணி சொன்ன காலையில் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். எந்த இடத்திலும் நான் நிலைத்தவன் அல்ல. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான்: தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் கொஞ்சம், டவுன் ஆங்கிலப் பள்ளியில் கொஞ்சம், அதோடு சரி.

மலாக்காவின் காஜா பேராங் பகுதியில் அக்கா இருந்தாள். தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிப்போன செட்டிக் குடும்பங்களின் வீடுகளுக்குப் பின்னால் ஓர் அறையும் சமையல்கட்டும் அவளுக்கு வாடகை. வீட்டுக்கார அம்மா நெற்றி நிறையத் திருநீறு பூசி, சாரோங் கட்டி, மலாய் பேசுகிறவர். என்னைப் பார்த்ததும் உள்ளே குரல் கொடுத்தார்: உன் தம்பியின் எலும்பு வந்திருக்கிறது, சதை பின்னால் வருகிறதா என்று கேள். அக்கா சிரித்துக்கொண்டே வந்தவள் என்னைக் கண்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

அத்தான் பக்கத்துப் பள்ளியில் வாத்தியார். வெள்ளைக்காரன் இருந்தவரை ஆங்கிலம் கற்பித்தார். இப்போது அதே வகுப்புக்கு ஜப்பானிய மொழி. மாலையில் அவர் போய்க் கற்றுக்கொண்டு வருவதைக் காலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். அன்று அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். ஜப்பானியக் கல்வி அதிகாரி பள்ளியைப் பார்க்க வரப்போகிறார் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தாராம்.

"வந்தா வரட்டுமே அத்தான்."

"உனக்குத் தெரியாது மச்சான். பூட்ஸ் சத்தம் கேட்டா என் புள்ளைங்க எந்திரிச்சு நின்னு 'குட்மார்னிங் சார்'னு கத்துவாங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வாயில் ஆங்கிலம் வந்தாலே அடி விழுந்த காலம் அது. வாத்தியார் வேலை போனால் அரிசிப் பங்கீடு போகும். வேலையில்லாத ஆண்பிள்ளை கண்ணில் பட்டால் லாரியில் ஏற்றி சயாமுக்கு அனுப்பிவிடுவார்கள்.

முன்பு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் வருவார். அவருக்காகவே அத்தான் அந்த வகுப்பைப் பழக்கியிருந்தார். பூட்ஸ் சத்தம் வாசலில் கேட்டதும் அத்தனை பேரும் ஒரே தொண்டையாக முழங்க வேண்டும். சத்தம் போதவில்லையென்றால் மேசையில் பிரம்பால் ஓர் அடி. ஓர் அடி என்றால் மறுபடியும், இன்னும் உரக்க. இன்ஸ்பெக்டர் மகிழ்ந்துபோய் முதுகில் தட்டிக்கொடுத்தாராம்.

"நாலு வருஷம் சொல்லிக்குடுத்தேன் மச்சான். தண்ணி வேணும்னு இங்கிலீஷ்ல கேக்க ஒருத்தனுக்கும் தெரியாது. இது ஒன்னுதான் நின்னிருக்கு. இதப் போயி எப்படிப் புடுங்குறது?"

அவர் சொன்னதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நானும் அப்படிக் கற்றவன்தான். டவுன் பள்ளியில் ஒரு பாட்டை முழுதாக ஒப்பிப்பேன். துரை வழி கேட்டால் ஊமை. மலாயை எனக்கு யாரும் கற்பிக்கவில்லை. பசித்தபோது கேட்டேன், திட்டியபோது திருப்பித் திட்டினேன், வந்துவிட்டது. மேசையைத் தட்டித் தட்டி ஒரு மொழியை ஏற்றலாம் என்று பெரிய படிப்புப் படித்தவர்கள் ஏன் நம்பினார்கள் என்பது இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் அத்தான் என்னைப் பள்ளிக்கு அழைத்துப் போனார். அவருடைய தோல் காலணிகளை நான் போட்டுக்கொண்டேன். அளவு பெரிது, ஆனால் பலகைத் தரையில் நல்ல சத்தம். நான்தான் அதிகாரி. தாழ்வாரத்தில் டக்டக்கென்று நடந்து உள்ளே நுழைந்தேன்.

"கூ...ட்மார்னிங் சார்!"

அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். "அது இல்லப்பா. ஒஹாயோ கொசாய்மாஸ்னு சொல்லணும். நீங்க சொன்னது இங்கிலீஷு, அதச் சொல்லக் கூடாது."

வகுப்பு திருதிருவென்று விழித்தது. முன்வரிசையில் ஒரு செட்டிப் பெண் எழுந்து மலாயில் கேட்டாள்: அது ஆங்கிலமா, சார்? எழுந்து நிற்கும்போது சொல்வது என்றல்லவா நினைத்தோம்?

பக்கத்தில் இருந்த தமிழ்ப் பையன்களும் தலையாட்டினார்கள். அத்தான் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

மறுபடி போனேன். பாதி வகுப்பு ஜப்பானியம், பாதி ஆங்கிலம். மறுபடி போனேன். முன்வரிசை தேறியது, கடைசி வரிசை தேறவில்லை. தாழ்வாரத்தின் கோடிக்குச் சீக்கிரம் போய்ச் சேர ஒவ்வொரு முறையும் பின்பக்க ஜன்னல் வழியாகக் குதித்துச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கை. "சார், அதிகாரி எகிறிக் குதிக்கிறாரு!" என்று ஒருவன் கத்த, அத்தானே சிரித்துவிட்டார். அந்த வாரம் முழுதும் இதே வேலை. கடைசியில் வகுப்பு மொத்தமும் குனிந்து ஜப்பானியத்தில் வணங்கியது. அன்று அக்கா கிழங்கு மாவில் தேங்காய் போட்டு ரொட்டி சுட்டாள். நான் அடுத்த ஊராக மூவாருக்குப் போகலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி வந்த அன்று நான் ஜன்னலுக்கு வெளியே, பள்ளிக்கூட மரவள்ளிப் பாத்திகளின் ஓரம் நின்றேன். பூட்ஸ் சத்தம் கேட்டது. பிள்ளைகள் எழுந்தார்கள், குனிந்தார்கள், சொல்ல வேண்டியதைப் பிசகில்லாமல் சொன்னார்கள். அதிகாரி தலையசைத்தார். கரும்பலகையைப் பார்த்தார், ஒரு சிறுமியை எண்ணச் சொன்னார், அவள் எண்ணினாள். அத்தானின் தோள் இறங்கியது எனக்கே தெரிந்தது. பிறகு அதிகாரி வாசலை நோக்கித் திரும்பினார்.

வகுப்பு எழுந்தது.

"தேங்க்யூ சார்! குட்டே சார்!"

இன்ஸ்பெக்டர் வெளியே போகும்போது சொல்ல அத்தான் அந்த நாளில் பழக்கியது அது. வழியனுப்புவதை நாங்கள் ஒத்திகை பார்க்கவே இல்லை. ஜன்னல் வழியாகக் குதித்துப் போகிற அதிகாரியை யார் வழியனுப்புவார்கள்?

அதிகாரி நின்றார். திரும்பி வந்தார். அத்தானின் கன்னத்தில் அறைந்தார். கண்ணாடி பறந்து விழுந்தது. அந்தச் சத்தம் சுவரில் மோதி அடங்குவதற்குள், தங்கள் குரல் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்த வகுப்பு மறுபடியும், இன்னும் உரக்க, முழங்கியது.

"தேங்க்யூ சார்! குட்டே சார்!"

மறுபடி அறை விழுந்தது. மறுபடியும் முழங்கினார்கள். அத்தான் கையை உயர்த்தி வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார். அதையும் அவர்கள் தவறாகவே எடுத்துக்கொண்டார்கள். நான் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஒன்றும் ஆகியிருக்காது, எனக்கும் விழுந்திருக்கும்.

தலைமையாசிரியர் ஓடி வந்து பிள்ளைகளை வெளியே அனுப்பியதால்தான் நின்றது. அத்தானை இனி வர வேண்டாம் என்று மொழிபெயர்ப்பாளர் மலாயில் சொன்னார்.

வீட்டுக்கு வந்து படுத்தவர் அன்று எழவே இல்லை. "நான் நல்லா சொல்லிக்குடுத்திருக்கேன்ல மச்சான்" என்றார். கிண்டலா, நிஜமா, தெரியவில்லை. ஒரு பக்கம் முகம் வீங்கியிருந்தது. அக்கா வெந்நீர் ஒற்றடம் கொடுத்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"டேய், நீ போறேன்னு சொல்லிறாதடா. வேலைக்குப் போற ஆம்பள ஒருத்தன் இருக்கற வீட்டுல சயாமுக்கு ஆள் புடிக்க மாட்டாங்கன்னு சொல்றாங்க."

அப்படி யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

அன்று மாலையே தலைமையாசிரியரின் வீட்டுக்குப் போனேன். வாசலில் நிற்கவைத்துப் பேசினார். வாத்தியாருக்குத் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். பள்ளிக்கூடத் தோட்டத்துக்கு ஓர் ஆள் வேண்டியிருக்கிறது, அரைப் பங்கு அரிசி, வேலையில் இருப்பவன் என்று காட்டக் கையில் கட்டத் துணிப்பட்டை, உனக்குச் சம்மதமா என்றார்.

மறுநாள் காலை பட்டையைக் கட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கினேன். அத்தானின் வகுப்புக்கு வேறு வாத்தியார் கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளைகளையும் என்னிடமே அனுப்பிவிட்டார்கள். சார் எப்போது வருவார் என்று ஒருவன் கேட்டான். தெரியாது என்றேன். மரவள்ளிக் குச்சியை எப்படிச் சாய்த்து நட வேண்டும் என்று காட்டிவிட்டு, மண்வெட்டியை அவன் கையில் கொடுத்தேன்.