கரையூரான் கேட்ட கேள்வி

போன கிழமை நல்லூரில் ஒரு மருந்துக்கடையில் நின்றேன். வெறும் சளிதான். மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற பிள்ளை டொக்டர் எழுதித் தந்த துண்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அந்த நேரம் பார்த்து மணம் வந்தது: ஸ்பிரிட், விற்றமின் குளிசை, புதுக் கடதாசிப் பை எல்லாம் கலந்த மணம். மூக்கடைத்தவனுக்கு எப்படி மணந்தது என்று கேட்காதீர்கள். சில மணங்களுக்கு மூக்குத் தேவையில்லை. நெஞ்சு ஒருமுறை திக்கென்று அடித்தது. ஏன் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

இருபத்திரண்டு வயதில் நான் இந்த மணத்துக்குள்தான் வேலை செய்தேன். நெல்லியடியில் ஒரு மருந்துக்கடை. சண்டை முடிந்து பாதைகள் திறந்திருந்த காலம். உரும்பிராயில் இருந்து சைக்கிளில் கோப்பாய்க்கு வந்து, சைக்கிளை ஒரு கடையில் விட்டுவிட்டு, பருத்தித்துறை பஸ் பிடிப்பேன். பஸ் வல்லை வெளிக்குள் போனதும் காற்று சட்டைக்குள் புகுந்து என்னை ஒரு பெரிய ஆளைப்போல ஊதிவிடும். அந்த ஊதலில்தான், சோளகக் காற்றை நினைத்து, எனக்குச் 'சோளகன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டேன். காற்றைப்போல உலகமெல்லாம் போவேனாம். போனது கோப்பாய்க்கும் நெல்லியடிக்கும்தான்.

அப்போது வலைப்பூக்களின் காலம். கோப்பாய்ச் சந்தியில் ஒரு இன்ரநெற் கடை இருந்தது. வேலை முடிந்து வருகிற வழியில் அங்கே இருந்து எழுதுவேன். எனக்கு நிரந்தர வாசகர்கள் பதினாலு பேர். சிரிக்காதீர்கள், பதினாலு பேரையும் எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். அதாவது அவர்களுடைய புனைபெயர். யார் எந்த நாட்டில் இருந்து வாசிக்கிறார், யார் எழுத்துப்பிழை பிடிப்பார், யார் எதற்கும் 'அருமை' என்று மட்டும் போடுவார், எல்லாம் தெரியும். அவர்களில் ஒருவர் கரையூரான். மீன்பிடி ஊரான குருநகரின் பழைய பெயர் கரையூர். ஆள் கனடாவில். மீன் பெயரை நான் பிழையாக எழுதினால் அடுத்த நாளே திருத்துவார். "சோளகன், ஒட்டியும் ஓராவும் ஒண்டில்லை. மீன்கடைக்குப் போய்ப் பார்த்திட்டு எழுதும்." எனக்குக் கோபம் வரும். ஆனால் எழுதி முடித்ததும் முதலில் நினைப்பது அவரைத்தான்.

எழுத விசயம் எங்கே கிடைக்கும்? கடைக்கு வருகிற சனத்திடம்தான். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி சொன்னவர்: "சனத்தின்ரை வருத்தம் கடைக்குள்ளை இருக்கவேணும். அது வெளியிலை போச்செண்டா நீயும் வெளியிலை." நான் பெயர் மாற்றித்தானே எழுதுகிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அப்படித்தான் ஜெசி அக்காவைப் பற்றி எழுதினேன். ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை மாமியாருக்குப் பிரஷர் மருந்து எடுக்க வருவார். வேட்டி கட்டி, திருநீறு பூசிய புருசன் வெளியே சைக்கிளோடு நிற்பார். நான் குளிசைப் பைகளை மேசையில் வைத்ததும் அக்கா ஒவ்வொன்றின் மேலும் பெருவிரலால் சின்னதாக ஒரு சிலுவை போட்டுவிட்டுத்தான் கூடைக்குள் வைப்பார். இது போதாதா எனக்கு? நம்பிக்கை, அன்பு, மாமியாருக்காக மாதாவிடம் மன்றாடும் மருமகள் என்று இரண்டு பக்கத்துக்கு உருகி எழுதினேன். ஊரையும் போட்டேன், முதல் சனிக்கிழமை என்பதையும் போட்டேன். பெயரை மட்டும் மாற்றினேன்.

நாலாம் நாள் கரையூரானின் பின்னூட்டம் வந்திருந்தது. வருகிற பின்னூட்டம் எதுவும் முதலில் எனக்குத்தான் வரும். 'வெளியிடு', 'அழி' என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். அவர் ஒரே ஒரு வரி கேட்டிருந்தார்:

"அவவின்ரை இடக்கைச் சுண்டுவிரல் வளைஞ்சிருக்குமோ?"

நான் விரலைப் பற்றி எழுதவே இல்லை. நான் அந்த விரலைப் பார்த்ததும் இல்லை.

இரண்டு பொத்தானையும் அமத்தாமல் எழும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த நாட்களில் ஒருவரைப் பற்றி விசாரிப்பது சின்ன விசயமில்லை. 'இன்னார் எங்கை இருக்கிறார்' என்ற கேள்விக்குப் பதில் சொல்லி, அந்த ஆள் காணாமல்போக, பிறகு வாழ்நாள் முழுக்க நித்திரை கெட்டவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தார்கள். இந்தக் கரையூரான் யார்? மீன் பெயர் தெரிந்தவர் நல்லவராகத்தான் இருப்பார் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? அக்கா ஒளித்து வாழ்கிறவராக இருந்தால்? அவர் தேடுவது பாசத்தாலா, பழியாலா? எல்லா விபரமும் நானே எழுதிக் கொடுத்துவிட்டேனே. இனி ஒருவர் முதல் சனிக்கிழமை கடை வாசலில் வந்து நின்றால் போதும்.

இரண்டு நாளில் அடுத்தது வந்தது. "சோளகன், ஏன் பதில் இல்லை?" பிறகு இன்னொன்று. "தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லும்." இரண்டையும் அப்படியே விட்டுவிட்டேன். கடைக்குள் தெரியாத ஆம்பிளை யார் வந்தாலும் அவர்தானோ என்று பார்த்தேன். ஒருநாள் ஒருவருக்கு வயிற்றுக்குத்து மருந்துக்குப் பதிலாக இருமல் பாணியை நீட்டி, முதலாளியிடம் பேச்சு வாங்கினேன். முதல் சனிக்கிழமைக்கு மூன்று கிழமை இருந்தது. அவ்வளவு நீளமான மூன்று கிழமையை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை அக்கா வந்தார். நான் பைகளை வைத்தேன். வலக்கைப் பெருவிரல் சிலுவை போட்டது. இடக்கை கூடையைப் பிடித்திருந்தது. சுண்டுவிரல் நடுக்கணுவில் கொக்கிபோல உள்ளே வளைந்திருந்தது.

முதலாளி சாப்பிடப் போயிருந்தார். புருசன் தெருவுக்கு அந்தப் பக்கம் யாரோடோ கதைத்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, ஒரு விசயம் கதைக்கவேணும்" என்றேன்.

அக்காவின் முகம் வெளிறியது. "ஏன் தம்பி? போன மாசம் குளிசையை மாத்திக் கீத்தித் தந்திட்டீரோ?"

"அப்பிடி இல்லை. நான் இன்ரநெற்றிலை கொஞ்சம் எழுதிறனான். உங்களைப் பற்றியும் எழுதினனான்."

"என்னைப் பற்றியோ? ஆரைக் கேட்டு?"

கரையூரான் கேட்டதைச் சொன்னேன். அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தினை பேர் வாசிச்சவை?"

"பதினாலு பேர்."

"பதினாலு பேரிலை ஒருத்தன் அவனோ" என்றார். பிறகு சட்டென்று குரலைத் தாழ்த்தி, "விலாசம் குடுத்திட்டீரோ?"

"இல்லை அக்கா. ஒண்டும் சொல்லேல்லை."

"சொல்லாதையும். அவன் என்ரை தம்பி. கெளிறு மீன் முள்ளு ஏறி விரல் வளைஞ்சதெண்டு அவனுக்குத்தான் தெரியும். நான் வேதம் மாறிக் கலியாணம் கட்டினனெண்டு அப்பா எனக்குச் செத்தவைக்கு வைக்கிற பூசை வைச்சவர் தம்பி. நான் உயிரோடை இங்கை சமைச்சுக்கொண்டிருக்கிறன், அங்கை எனக்குப் பூசை. அதிலை பைபிள் வாசகம் வாசிச்சது அவன்தான்."

அந்தப் பதிவைக் கடதாசியில் எடுத்து வரச் சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை தனியாக வந்து, மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல வாய்க்குள் முணுமுணுத்து வாசித்தார். இத்தனை வருடத்தில் என் எழுத்தை ஒருவர் கண்முன்னால் வாசித்து நான் பட்ட பாடு அது ஒன்றுதான். வாசித்து முடித்துக் கடதாசியை மடித்தார்.

"வடிவாத்தான் எழுதியிருக்கிறீர். ஆனா பிழை" என்றார். "மாமி சுகப்படவேணும் எண்டு நான் சிலுவை போடேல்லை. வீட்டிலை போட ஏலாது, மாமி பார்ப்பா. மாசத்திலை ஒருக்கா உம்மடை மேசையிலைதான் எனக்குச் சிலுவை போட இடம் கிடைக்கிறது."

இரண்டு பக்கம் உருகினேன் என்று சொன்னேன் அல்லவா? அதில் ஒரு வரிகூட உண்மை இல்லை.

"இப்ப அவனுக்கு என்ன எழுதட்டும்?" என்று கேட்டேன்.

அக்கா மடித்த கடதாசியை இன்னொருமுறை மடித்தார். "விரல் வளைஞ்சுதான் இருக்குது எண்டு எழுதும். வேறை ஒண்டும் வேண்டாம்."

அதையே பதிவின் கீழே போட்டேன். எங்கள் பதினாலு பேரில் ஒருவர் வந்து 'அருமையான குறுங்கவிதை' என்று பாராட்டினார். கரையூரானிடமிருந்து பத்து நாள் சத்தமில்லை. நான் மறுபடியும் பயந்தேன், இந்த முறை வேறு விதமாக. பதினோராம் நாள் வந்தது: "நான் வாசகம் வாசிச்சது அவவுக்குத் தெரியுமோ?"

அக்கா சொன்னார்: "தெரியும் எண்டு எழுதும்."

இப்படியே மாதத்துக்கு ஒரு வரி. அவர் விலாசம் கேட்கவில்லை. இவரும் பெயர் சொல்லி எழுதச் சொல்லவில்லை. அப்பா காலமான செய்தி அப்படித்தான் அக்காவுக்கு வந்தது. அதை நான் வாசித்துச் சொன்னபோது அக்கா தலையை ஆட்டிவிட்டு மருந்தை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்குச் சிலுவை போடவில்லை. ஒவ்வொரு முறையும் வரி பிசகாமல் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டுமே என்று துண்டில் எழுதி இரண்டுமுறை சரிபார்ப்பேன். என் சொந்த எழுத்தில் நான் அவ்வளவு கவனமாக ஒருநாளும் இருந்ததில்லை.

மழைகாலத்தில் ஒரு வரி வந்தது: "மாரிக்கு அந்த விரல் நோகுமெல்லோ. இப்பவும் நோகுதோ எண்டு கேட்டுச் சொல்லும்."

வாசித்துக் காட்டினேன். அக்கா அந்த விரலை மற்றக் கையால் பொத்திக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. "உதை நான் அவனுக்குச் சொல்லுறன். நம்பரை வாங்கித் தாரும்" என்றார்.

வாங்கிக் கொடுத்தேன். அடுத்த மாதம் புருசனும் அக்காவும் சேர்ந்தே கடைக்குள் வந்தார்கள். "கதைச்சனியளோ?" என்று கேட்டேன். "எங்கை கதைச்சது? ரெண்டு பேரும் அழுதனாங்கள்" என்றார் அக்கா. புருசன் சொன்னார்: "நான்தான் தம்பி கதைச்சது. அந்த நாளையிலை எனக்கு அடிச்ச மச்சானோடை அரை மணித்தியாலம் மழையைப் பற்றிக் கதைச்சன்."

போகும்போது அக்கா திரும்பி வந்தார். "தம்பி, அதை இனி அழிச்சுவிடும். மாமிக்கு ஆரும் வாசிச்சுக் காட்டினா வீட்டிலை கரைச்சல்."

அன்று மாலையே அழித்தேன். பதிவை அழித்தால் அதன் கீழே இருந்த பின்னூட்டங்களும் சேர்ந்து போகும் என்பது அழித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கரையூரானின் வரி ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு அவர் என் பக்கம் வரவுமில்லை. மீன் பெயரைப் பிழையாக எழுதிப் பார்த்தேன், வேண்டுமென்றேதான். யாரும் திருத்தவில்லை. அவருக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

இதை எழுதலாமா என்று அக்காவுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். "மாமிதான் இப்ப இல்லையே, எழுதும். இந்த முறையாவது சரியா எழுதும்" என்றார்.

மற்றப் பதின்மூன்று பேரும் ஒவ்வொருவராகப் போனார்கள். இன்ரநெற் கடை மூடப்பட்டது, வலைப்பூவின் கடவுச்சொல்லும் மறந்துபோயிற்று. இப்போது முகநூலில் எழுதுகிறேன். போட்டு ஒரு நிமிடத்தில் விருப்பக்குறிகள் வந்து குவிகின்றன, அவை யாருடையவை என்று எனக்குத் தெரியாது. யாரும் ஒரு கேள்வி கேட்டுவிட்டு மூன்று கிழமை பதிலுக்குக் காத்திருப்பதில்லை. கனடாவில் ஒருவர் திரையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பார் என்ற எண்ணத்தில் எனக்கு அந்த நாட்களில் சோறு இறங்கியதில்லை. இப்போது நன்றாகச் சாப்பிடுகிறேன்.