கோடு வரவில்லை என்று சொன்ன மஞ்சு அக்கா

மஞ்சுளா அக்கா இறந்த செய்தி எனக்கு கெமிஸ்ட்ரி வகுப்பில் வந்தது. நகரியில் நான் படிக்கும் ஜூனியர் காலேஜின் பியூன் கதவருகே வந்து, "ஊட்லேர்ந்து வந்துக்கிறாங்க, பைய எடுத்துக்கினு வாம்மா" என்றார். வெளியே என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, வண்டியை அணைக்காமல் நின்றிருந்தார். என்ன என்று கேட்டேன். "ஏறு" என்றார். ஊருக்குப் பாதி தூரம் வந்த பிறகுதான், திரும்பாமலே, "மஞ்சு பூட்டா. புத்தூருகிட்ட லாரி" என்றார். அன்றிலிருந்து அந்தப் பெயரை அவர் சொல்லவில்லை. வீட்டில் யாரையும் சொல்லவிடவும் இல்லை.

திருப்பதியில் அக்காவின் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமை, அவளோடு வேலை செய்த நீங்கள் எல்லோரும் கூடுகிறீர்கள் என்றும், வீட்டிலிருந்து ஒருவராவது அவளைப் பற்றி எழுதித் தர வேண்டும் என்றும் வேணு அண்ணன் கேட்டார். அக்காவோடு சேர்ந்து கம்பெனியைத் தொடங்கியவர் அவர். பெரியப்பாவும் பெரியம்மாவும் எழுதும் நிலையில் இல்லை. அதனால் அவளுடைய சித்தப்பா மகளான நான் எழுதுகிறேன், எல்லோரும் படுத்த பிறகு. நைனா இருமினால் விளக்கை அணைத்துவிடுகிறேன். தெரிந்தால் என் படிப்பு நின்றுவிடும். அக்கா மாதிரி திருப்பதியில் டிகிரி படிக்க வேண்டும் என்று இன்டரில், அதாவது பதினொன்று பன்னிரண்டில், உயிரியல் பாடமுள்ள பைபிசி எடுத்திருக்கிறேன். ஆனால் அம்மாவிடம் நைனா சொல்லிவிட்டார்: "இன்டர் முடிஞ்சதும் ஸ்ரீ சிட்டில கம்பெனி வேலைக்குப் போவட்டும். கம்பெனி பஸ்ஸு ஊட்டாண்டயே வருது. ரத்த டப்பாவத் தூக்கிக்கினு ரோடு ரோடா அலைஞ்சவ இன்னாத்த கண்டா?"

உங்களுக்கு அவள் மேடம். எங்களுக்கு, ஹைதராபாத்தில் மருந்து கம்பெனியில் நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டிருந்து, ஒரு நாள் அதை விட்டுவிட்டு வந்த பெண். திருப்பதியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்தாள். பாம்பு கடித்தவரின் ஒரு சொட்டு ரத்தத்தை வைத்தால், விஷம் உள்ளே போயிருந்தால் சிவப்புக் கோடு காட்டும் ஒரு சின்னப் பட்டையைச் செய்யப் போவதாகச் சொன்னாள். வேர்க்கடலைக் காட்டில் வேலை செய்யும் எங்கள் ஊருக்கு அது தேவை என்பது புரிந்தது. அதற்கு ஏன் சம்பளத்தை விட வேண்டும் என்பதுதான் யாருக்கும் புரியவில்லை.

பிறகு டெல்லியிலிருந்து மானியம் வந்தது. சின்னக் கம்பெனிகள் ஒரு யோசனையைச் செய்து பார்ப்பதற்கு அரசாங்கம் கொடுக்கும் பணம் அது. திருப்பித் தர வேண்டாம், ஆனால் தவணை தவணையாகத்தான் வரும். ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் வேலை எவ்வளவு நடந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். எங்கள் ஊரில் மானியம் என்றால் மாடு. அந்த வாரம் அக்கா வந்தபோது பக்கத்து வீட்டு முனிரத்தினம் மாமா வழிமறித்தார்.

"இன்னாமே மஞ்சு, சர்க்காரு பணம் வந்துகீதாமே. எத்தினி மாடு?"

"மாடு இல்ல மாமா. பாம்பு."

"பாம்புக்கு கூடவா சப்சிடி குடுக்கறான்?"

"குடுக்கறான். நீ ரெண்டு வளக்கிறியா?"

மாமா கொஞ்சம் யோசித்தார். "என் பேரயும் சேத்து எழுதிக்க. அப்பால பாத்துக்கலாம்" என்றார். அக்கா சிரித்ததில் கையிலிருந்த டீ சிந்தியது.

அடுத்ததைச் சொல்லவேண்டுமென்றால் மாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மானிய மாட்டைப் பார்க்க ஆபீசர் வரும்போது பல வீடுகளில் மாடு இருக்காது. கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ விற்றிருப்பார்கள். அன்றைக்குப் பக்கத்து வீட்டு மாட்டைப் பிடித்துவந்து கட்டுவார்கள். ஒரே மாடு ஒரே காலையில் மூன்று வீட்டு மாடாக நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ஊரில் யாரும் அதைப் பொய் என்று நினைப்பதில்லை. அது ஒத்தாசை.

போன வருஷம் டெல்லியிலிருந்து குழு வந்தது. திருப்பதியில் உங்கள் வேலையைப் பார்த்துவிட்டு, பாம்பு கடித்து ஆஸ்பத்திரியில் பட்டைச் சோதனைக்கு ரத்தம் கொடுத்தவர்களில் சிலரை ஊரிலேயே பார்க்க வேண்டும் என்றார்கள். எங்கள் ஊரில் அப்படி இரண்டு பேர்தான். அவர்களைப் பள்ளிக்கூட வராண்டாவுக்கு வரச்சொல்லும்படி அக்கா நைனாவிடம் போனில் சொன்னாள். குழுவின் கார் வந்து நின்றபோது வராண்டா நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் காலிலும் வெள்ளைத் துணிக் கட்டு. நைனா இரண்டு நாள் அலைந்து சேர்த்த கூட்டம். ரத்தம் வைத்ததும் கோடு வந்தது, பிழைத்தேன் என்று சொல்ல எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார். நான் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். குழுவில் வந்திருந்த அம்மா ஒருவர், என்ன பாம்பு என்று வரிசையாகக் கேட்கச் சொன்னார். எல்லோரையும் நல்ல பாம்பே கடித்திருந்தது. அதற்குக் குறைந்த பாம்பைச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

அக்கா வரிசையைப் பார்த்தாள். நைனாவைப் பார்த்தாள். குழுவிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். பிறகு அதையே எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னாள்.

"இவங்கள்ல ரெண்டு பேரத்தான் பாம்பு கடிச்சிது. மத்தவங்க எங்க சொந்தக்காரங்க. எனக்கு ஒத்தாச பண்ண வந்துக்கிறாங்க. அந்த ரெண்டு பேர்லயும் ஒருத்தருக்குத்தான் கோடு வந்துது. இன்னொருத்தருக்கு விஷம் ஏறியும் வரல."

ஏன் வரவில்லை என்று அந்த அம்மா ஆங்கிலத்தில் கேட்டார். அக்கா இரண்டு மொழியிலும் பதில் சொன்னாள்.

"தெரியல. அதக் கண்டுபிடிக்கத்தான் பணம் கேக்கறேன்."

வராண்டாவில் ஒருவர் மெதுவாகக் குனிந்து காலில் இருந்த கட்டை அவிழ்த்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் அவிழ்த்தார்கள்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. "ஊரு முன்னால என் தலைய குனிய வெச்சிட்ட" என்றார் நைனா. அக்கா பதறவில்லை. "சித்தப்பா, இல்லாத மாட்டக் காட்னா சர்க்காரு பணம்தான் போவும். இதுல இல்லாதத காட்னா, நாளைக்கு நம்ம காட்ல வேல செய்யற கன்னியம்மாள பாம்பு கடிச்சி, கோடு வரல, ஒண்ணும் இல்ல, ஊட்டுக்குப் போன்னு யாராச்சும் அனுப்பிடுவான்" என்றாள். நைனா துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் அவளோடு பேசவே இல்லை. அடுத்த தவணைக்கு டெல்லியிலிருந்து இன்னும் பதில் வரவில்லை என்று வேணு அண்ணன் சொல்கிறார். அவள் போன பிறகு வருமா என்றும் தெரியாதாம்.

போன வாரம் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். வேர்க்கடலை பிடுங்கும்போது கன்னியம்மா அக்காவை ஏதோ கடித்துவிட்டது. என்ன என்று யாரும் பார்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் உடனே வேப்பிலையை வாயில் திணிப்பார்கள். கசந்தால் விஷம் ஏறவில்லை, கசக்காவிட்டால் ஏறிவிட்டது என்று கணக்கு. கன்னியம்மா அக்கா மென்று துப்பிவிட்டுக் கசக்கிறது என்றாள். எல்லோரும் மூச்சு விட்டார்கள். மறுபடியும் கடலைச் செடியில் கை வைத்தார்கள்.

நைனா மட்டும் கை வைக்கவில்லை. "கசந்தா? கசந்தா இன்னா தெரிஞ்சிது?" என்றார். "ஒண்ணும் தெரியல. ஏறு வண்டில."

நகரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே கன்னியம்மா அக்காவுக்கு விஷம் ஏறிக் கண் இமை தொங்கிவிட்டதாம். இப்போது பிழைத்து வீட்டில் இருக்கிறாள். ஊரெல்லாம் நைனாவைப் புகழ்கிறது. அவரோ சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஏதோ சொல்ல வந்து தண்ணீர் குடிக்கிறார்.

அக்காவின் படத்தையோ அவளுடைய புத்தகங்களையோ நான் கேட்கவில்லை. கேட்டாலும் வீட்டில் வைக்க இடமில்லை. யாருக்குப் பிடிக்காதோ அவர் முன்னாலேயே நின்று, உள்ளதைச் சாதாரணக் குரலில் சொன்னாளே, அதைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன். எனக்கு அந்தக் குரல் இல்லை. அதனால் எழுதியிருக்கிறேன்.

காலையில் வேணு அண்ணனுக்கு அனுப்பும் முன்னால் இந்தத் தாள்களை நைனாவிடம் கொடுக்கப் போகிறேன். இன்டர் முடிந்ததும் நான் ஸ்ரீ சிட்டிக்குப் போகமாட்டேன், டிகிரிதான் படிப்பேன் என்பதையும் அவர் இதில்தான் முதலில் படிப்பார். அவர் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். பள்ளிக்கூட வராண்டாவைப் பற்றி எழுதியிருக்கும் இடத்துக்கு வந்துசேர நேரமாகும். அவர் படித்து முடிக்கும்வரை நான் எங்கும் போகாமல் அவர் முன்னாலேயே நிற்பேன்.