தேவநேசன் இறங்கிய வயல்

தேவராஜ மார்க்கெட் காப்பிக் கடையில் தேவநேசன் வாயை மூடி யாரும் பார்த்ததில்லை. விமானம் ஓட்டப் பழகும்போது இன்ஜின் நின்றுபோய், பாராசூட்டில் குதித்தவர். அந்த ஒரு குதியை வைத்தே ஆறு வருடமாகப் பெரிய மனிதராகத் திரிகிறார்.

"வட்டப் பாராசூட்டு சார். எடப்பக்கப் பட்டைய இழுத்தேன், எடப்பக்கமா நகந்துச்சு. காலைச் சேத்து, முட்டிய மடக்கி, நான் பாத்து வச்ச வயல்லயே எறங்கினேன்."

காற்றுகூட அவரிடம் கைகட்டி நின்றதாம்! எங்களுக்குக் காது புளித்துவிட்டது.

ஒருநாள் கொள்ளேகாலத்திலிருந்து காய்கறி கொண்டுவந்த லிங்கம்மா இதைக் கேட்டு நின்றாள். அந்த வயல் அவளுடையது.

"ஏனுங்க, காத்து தள்ளீட்டு வந்துருச்சுன்னு அன்னிக்கு அழுதீங்கல்லோ? அப்ப வேணும்னேதான் எம்பட நாத்து மேல விழுந்தீங்களா?"

அன்றிலிருந்து தேவநேசன் கதையில் காற்று பலமாக அடிக்கிறது.