நான் தமிழில் சொல்லாமல் விட்ட வசனம்

தொண்ணூறுகளில் ஒரு ஏப்ரல் மாதம், ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு கோச் பஸ் நிறையத் தமிழ்ச்சனம் வேல்ஸ் கடற்கரையிலுள்ள தேசியப் பூங்காவைப் பார்க்கப் போனோம். பூங்கா வாசலில் வழிகாட்டியாக ஏறிய வெள்ளைக்காரப் பெண் சொல்வதை மைக்கில் தமிழாக்குவது என் பொறுப்பு. இறங்கும் நேரம் அவர், "சிவப்புக் கொடிக்கு அப்பால் இன்று இராணுவம் சுட்டுப் பழகும், சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம்" என்றார். அந்த நேரம் பார்த்து மட்டன் ரோல்ஸ் பெட்டி என்னிடம் வந்தது. "வெளியில நல்ல குளிர், தொப்பியைப் போடுங்கோ" என்று மட்டும் வாய் நிறைய ரோல்ஸோடு சொல்லிவிட்டு இறங்கினேன்.

கடலோர மேட்டில் காற்று ஆளையே தள்ளியது. முதல் வெடி கேட்டதும், யாழ்ப்பாணத்திலிருந்து அந்த மாதம்தான் வந்திருந்த இராணி அக்கா, மகளை இழுத்து விழுத்தி அவளுக்கு மேலே குப்புறப் படுத்தார். பிள்ளையின் காதுகளை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார். எங்களில் சிலர் சிரித்தார்கள். வழிகாட்டி ஓடிப்போய், அந்தச் சேற்றில் தானும் அக்காவின் பக்கத்தில் படுத்துக்கொண்டார். வெடி ஓயும்வரை எழும்பவில்லை.

பிறகு, கோட்டில் ஒட்டிய சேற்றைத் துடைத்தபடி அக்கா என்னிடம் கேட்டார்.

"தம்பி, இஞ்ச சுடுவினம் எண்டு அவ முதலே சொல்லேல்லையோ?"

"இல்லை அக்கா" என்றேன்.

பின்னேரம் கோச் புறப்பட்டபோது வழிகாட்டி கை காட்டினார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்போது ஆஸ்பத்திரியிலும் கவுன்சிலிலும் எத்தனையோ பேருக்கு மொழிபெயர்க்கிறேன். ஒரு வார்த்தையும் விடுவதில்லை. இராணி அக்காவிடம் மட்டும் அந்த ஒரு வசனத்தை இன்னும் சொல்லவில்லை.