சிமெண்டை உடைத்து வைத்த செடிகள்

பங்குனி முடியும் சமயம். வாசலில் குண்டுமல்லி பறித்துக்கொண்டிருந்தேன். எட்டாத கொத்துக்காக இடது கையைத் தூக்கியபோது அக்குளுக்குக் கீழே ஏதோ இழுத்தது. தடவிப் பார்த்தேன். புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. வலியே இல்லை.

திசுப் பரிசோதனையில் (ஊசியால் சதைத்துணுக்கு எடுத்துப் பார்ப்பது) மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. முதலில் கீமோ (நோயை அழிக்கும் மருந்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவது), பிறகு அறுவை. மருந்து ஏறும் மாதங்களில் வெள்ளணுக்கள் (கிருமியோடு சண்டை போடும் ரத்த அணுக்கள்) குறையும். "கொஞ்ச நாளைக்கு மண்ணத் தொடாதீங்கம்மா," என்றார் டாக்டர். ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தேன். என் தலைமுடி கொட்டித் தீர்ந்த பிறகு, பவளமல்லி கொட்டத் தொடங்கியது.

பீளமேட்டில் எங்கள் வீட்டு மாடியில் என் கணவரின் அக்கா இருக்கிறார். நங்கையா என்று அழைப்பேன். கீழ்வாசல் எங்கள் பாகம். நான் அறுவைக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் ஆள் விட்டு, செடிகளை வேரோடு பிடுங்கி, வாசல் முழுக்க சிமெண்ட் போட்டுவிட்டார், தன் கார் நிற்பதற்கு.

"கிருமி வந்துருமுன்னு டாக்டரே சொன்னாங்கல்ல அம்மணி. அதுமில்லாம தலையில முடியே இல்ல. இனி உனக்கெதுக்குப் பூவு?"

என் கணவர் பக்கத்தில் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதே நோயோடு இதைப் படிக்கும் உங்களிடம், மனதை அமைதியாக வைத்துக்கொள், யாரையும் வெறுக்காதே என்று எல்லோரும் சொல்வார்கள். என்னிடமும் சொன்னார்கள். என்னைக் கட்டிலிலிருந்து எழுப்பியது கோபம்தான். அறுவைக்குப் பின் சுவரில் விரல்களை நடத்திக் கையை மேலே ஏற்ற வேண்டும். உயிர் போகும். நங்கையாவின் முகத்தை நினைத்து இன்னும் ஒரு விரற்கடை ஏற்றுவேன்.

கதிர்வீச்சும் முடிந்த பிறகு டாக்டரிடம் கேட்டேன்: "கடப்பாறை புடிக்கலாமுங்களா?"

"எதுக்குங்கம்மா?"

"ஒருத்தரப் பழிவாங்கணுமுங்க. செடி வெக்கப்போறேன்."

அவர் சிரிக்கவில்லை. இடது கையில் பாரம் ஏறினால் நிணநீர் வீக்கம் (நிணநீர் வடியாமல் கை பருத்துவிடுவது) வரலாம் என்றார். "கையுறை போட்டுட்டுச் செடி வைங்க. கடப்பாறைய வேற யாராச்சும் புடிக்கட்டும்."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "ஆள் கூப்புடாதீங்க. நீங்களே ஒடைங்க."

ஆனி வெயிலில் சட்டை நனைய உடைத்தார். நங்கையா படியில் நின்று கத்தினார். "ஏண்டா, கார எங்கடா நிறுத்தறது?"

"ரோட்டுல நிறுத்திக்கக்கா," என்றார், நிமிராமல்.

ஆடியில் நட்டேன். எந்த மாதம் படியிறங்கினாலும் நங்கையா பூவைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று யோசித்து நட்டேன். வெயிலுக்கு மல்லி. மழைக்குப் பிச்சியும் பவளமல்லியும். மார்கழிப் பனிக்கு டிசம்பர் பூ. தைக்குச் செவ்வந்தி. வருஷம் முழுக்கப் பூக்கும் செம்பருத்தியை அவருடைய முதல் படியை ஒட்டியே வைத்தேன்.

தையில் அவர் மகளுக்கு வளைகாப்பு. கூடையோடு இறங்கி வந்தார். "சீர்த்தட்டுக்குக் கொஞ்சம் செவ்வந்தி பறிச்சுக்கட்டுமா அம்மணி?"

எனக்கு விரல் நீளத்துக்கு முடி வளர்ந்திருந்தது. அதில் ஊசி குத்தி ஒரு செவ்வந்தி வைத்திருந்தேன்.

"வேண்டாமுங்க நங்கையா. மாசமா இருக்கற புள்ளைக்குப் போற தட்டு. கிருமி இருக்குமுங்க."

வெறுங்கூடையோடு படியேறினார்.

"குடுத்திருக்கலாம்," என்றார் கணவர். இன்றுவரை எனக்கு வருத்தமில்லை.

இப்போது அவ்வப்போது பரிசோதனை மட்டும். ஒரு பக்கம் மார்பு தட்டை. களை பறிக்கக் குனிந்தால் உடம்பு வலப்பக்கம் சாய்கிறது. காலை அகட்டி உட்காரப் பழகிவிட்டேன். சாயங்காலமானால் இடது கை கனக்கும். 'அடுத்த வருஷம்' என்று முன்பெல்லாம் சட்டென்று சொல்லிவிடுவேன். இப்போது அதற்கு முன் வாய் சற்று நிற்கிறது.

போன வாரம் தொண்டாமுத்தூர் ரோட்டு நர்சரியில் செண்பகம் கேட்டேன். "ஒட்டுச்செடின்னா சீக்கிரம் பூத்துருமுங்க. ஆனா ஒசரம் போகாது. விதைச்செடி மாடிக்கு மேலயே போகும். பூக்கத்தான் பல வருசம் ஆகுமுங்க," என்றார் கடைக்காரர்.

"விதைச்செடியே குடுங்க."

நங்கையாவின் ஜன்னலுக்கு நேர்கீழே நட்டிருக்கிறேன். அது பூக்கும் வருஷம் நான் இருப்பேனோ, தெரியாது. வாசம் அந்த ஜன்னலுக்குள் போக நான் தேவையில்லை.