பாதையா, ஓடையா

சங்கரன்கோவிலில் கோர்ட்டுக்கு எதிரே எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. அடுத்தவர் வழக்குக் கட்டுகளை வருடக்கணக்காக நகல் எடுத்த திமிரில், சட்டம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் அண்ணனின் மனைவி, அதாவது மதினி, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடைக்கு வந்து மேஜையில் ஒரு காகிதக் கட்டைப் போட்டாள். அன்றைக்குத்தான் அந்தத் திமிர் இறங்க ஆரம்பித்தது.

திருவேங்கடம் ஊருக்கு அந்தப் பக்கம் அவர்களுக்கு மூன்று ஏக்கர் கரிசல். ஊர்க் குளம் பெருகினால்தான் அவர்கள் கிணற்றில் தண்ணீர் ஊறும். குளத்துக்கு மேற்கே மேட்டில் ஒரு கல் குவாரிக்கு அரசு சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்திருந்தது. அந்த உத்தரவின் நகல் அன்று காலைதான் அவள் கைக்கு வந்தது. குவாரியை ஒட்டி ஓடை எதுவும் இல்லை, ஒரு வண்டிப்பாதை மட்டுமே உண்டு என்று அதில் எழுதியிருந்தது. அந்த வண்டிப்பாதைதான் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடை. அதில் மண்ணைக் கொட்டி லாரிக்கு ரோடு போட்டால் குளமும் போச்சு, கிணறும் போச்சு.

“நாந்தான் ஏட்டி பாதைன்னு சொன்னேன்” என்றாள் மதினி.

சித்திரை வெயிலில் குவாரிக்காக அளக்க வந்தவர்கள் இது என்ன என்று அவளிடம் கேட்டிருக்கிறார்கள். வருடத்தில் பத்து மாதம் அது காய்ந்துதான் கிடக்கும். ஆடு போவதும் சைக்கிள் போவதும் அதில்தான், கல்யாணத்துக்குப் பந்தல் கம்பு ஏற்றிய வண்டி போவதும் அதில்தான். ஊரே அதைப் பாதை என்றுதான் சொல்லும். அவளும் அப்படியே சொல்லி, குடிக்க மோரும் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். அந்த மோரை நினைத்து நினைத்துத்தான் அவளுக்கு ஆத்திரம்.

நான் உடனே எதிரே இருந்த கோர்ட்டுக்கு அவளை அழைத்துப்போனேன். எனக்குப் பழக்கமான வக்கீல் தம்பி சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். இந்த அனுமதியை இங்கே எதிர்க்க முடியாதாம். சென்னையில் இதற்கென்றே தீர்ப்பாயம் இருக்கிறதாம், உத்தரவு தெரியவந்து முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டுமாம். தவறினால் தாமதத்துக்குக் காரணம் சொல்லிக் கெஞ்ச வேண்டும், அவர்கள் ஏற்றாலும் ஏற்பார்கள், ஏற்காமலும் போவார்கள். சென்னை வக்கீல் ஒருவரின் நம்பரைக் கொடுத்தார்.

பிறகு நாங்கள் பட்ட பாட்டைக் கேட்க வேண்டாம். பட்டா நகலுக்கு ஒரு நடை, புல வரைபடத்துக்கு நாலு நடை. வரைபடத்தில் ஓடை இருக்க வேண்டிய இடத்தில் பெயரில்லாத ஒரு கோடு மட்டும் ஓடியது. அதைப் பார்த்து எனக்கு வந்த கோபத்தில் மூன்று பிரதி கூடுதலாக எடுத்துவிட்டேன்.

காலண்டரில் விரல் வைத்து எண்ணியவள் மதினி. புதன்கிழமை முப்பதாம் நாள். முந்தின நாள் சாயங்காலம் ரயிலேறி, புதன் காலை எழும்பூரில் இறங்கி, தலைகூடச் சீவாமல் வக்கீல் அலுவலகத்துக்கு ஓடினோம். இன்றைக்குக் கடைசி நாள் என்று மூச்சிரைக்கச் சொன்னேன். அந்த வக்கீல் அம்மா நிதானமாகத் தேதியைப் பார்த்துவிட்டு, நாளைக்குத்தான் கடைசி நாள் என்றார். உத்தரவு கிடைத்த நாளைச் சட்டம் கணக்கில் சேர்க்காதாம்.

எங்கள் ஊரில் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எண்ணுவோம். இந்த வெள்ளிக்கும் அடுத்த வெள்ளிக்கும் எட்டு நாள் என்போம். பதினாறாம் நாள் விசேஷத்துக்குச் செத்த நாளையும் சேர்ப்போம். அந்தப் பழக்கத்தில் எங்களுக்கு ஒரு முழு நாள் சும்மா கிடைத்துவிட்டது. மதினி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அப்புறம் வக்கீல் அம்மா முன்னாலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். தண்ணீர் கொண்டுவந்த பெண்ணுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது.

கையெழுத்துகளைப் போட்டுவிட்டு, வேடிக்கை பார்க்க மெட்ரோ நிலையத்துக்குப் போனோம். நகரும் படிக்கட்டில் மதினி ஐந்து தடவை ஏறினாள். ஆறாவது தடவை ஏறும்போது அவள் போன் அடித்தது. அண்ணன்தான். காலையிலிருந்து ஊரில் நல்ல மழையாம், வீடியோ அனுப்பியிருக்கிறானாம். பாதி வீடியோவை அவன் கட்டைவிரல் மறைத்திருந்தது. மீதிப் பாதியில் கரையைத் தொட்டுக்கொண்டு செம்மண் நிறத்தில் தண்ணீர் பாய்ந்தது. முட்டளவுத் தண்ணீரில் நின்றபடி அண்ணன் கத்திக்கொண்டிருந்தான்.

“ஏட்டி, பாதையில தண்ணி எப்படி வருது பாரு!”

மதினி தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கோ சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திரும்பிப் போய் வக்கீல் அம்மாவிடம் காட்டினோம். சத்தத்தைக் குறைத்து இரண்டு தடவை பார்த்தார். ஊர்க்காரர்களை விட்டு இன்னும் படங்கள் எடுக்கச் சொன்னார். வியாழக்கிழமை அந்தப் படங்களோடு மேல்முறையீடு தாக்கலானது. முந்தின நாளே தாக்கல் செய்திருந்தால் அந்தக் கட்டில் பெயரில்லாத அந்தக் கோடு மட்டும்தான் இருந்திருக்கும்.

முதல் விசாரணையைக் கடைக் கம்ப்யூட்டரில் வீடியோ வழியாகப் பார்த்தோம். படங்களைப் பார்த்த தீர்ப்பாயம் குவாரிக்கு இடைக்காலத் தடை விதித்து, நேரில் பார்த்து அறிக்கை தர ஒரு குழுவையும் அமைத்தது. அந்தக் குழு வந்ததோ மறுபடியும் வெயில் காலத்தில். ஓடை சுக்காகக் காய்ந்து கிடந்தது, ஆடுகள் அதன் வழியே போய்க்கொண்டிருந்தன. வாயைத் திறக்கக் கூடாது என்று அண்ணனிடம் சத்தியமே வாங்கியிருந்தேன். குழுவில் ஒருவர் மதினியைக் கூப்பிட்டு, இது என்ன என்று கேட்டார்.

“ஓடை சார். இப்ப ஓடல, அவ்வளவுதான்.”

அவர் குனிந்து மணலைக் கிளறினார். மழையில் அடித்துவந்த கூழாங்கற்கள் கையில் வந்தன. வரைபடத்தை விரித்து அந்தக் கோட்டில் விரலை வைத்தார். இந்தத் தடவை மதினி மோர் கொடுக்கவில்லை.

சில மாதம் கழித்து அனுமதி ரத்தானது. வக்கீல் அம்மா எனக்குச் சொன்ன அடுத்த நிமிஷமே மதினிக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“ஓடை வழியாத்தான் வீட்டுக்கு நடந்து வாரேன்” என்றாள்.